அண்ணாந்து பார்க்கும் வேலை

எங்கள் பங்கின் இளையோர் மன்றம் மடு மாதா திருநாளுக்கு ஒரு மலர் போடுகிறது. இத்தாலியில் பலெர்மோவுக்கு முதலில் வந்தவர்கள் தாங்கள் செய்த தொழிலைப் பற்றி எழுத வேண்டுமாம். மலரைத் தொகுக்கும் ஜெனிற்றா இரண்டு முறை என் வீட்டுக்கு வந்தாள். முதல் முறை உள்ளே வந்து தேத்தண்ணீர் குடித்து, "சூசை மாமா, நீங்கள் கட்டாயம் எழுதவேணும்" என்றாள். இரண்டாம் முறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"மாமா, எழுதுங்கோ. ஆனா செபமாலை மாஸ்டர் சொன்னவர், பேப்பரிலை வந்த அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டாமாம். மண்டபம் கூட்டினது, மெத்தை போட்டது, அதுகளை எழுதட்டாம்."

"ஏனாம்?"

"மலர் எல்லாற்றை வீட்டுக்கும் போகுமாம்."

"நல்லது. போகட்டும்" என்றேன்.

நான் அப்படிக் கதைக்கிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் பின்வரிசைக்குப் போய்விடுவேன். கடையில் மிச்சக் காசைக் கேட்டு வாங்கவும் கூசுவேன். ஆனால் எழுதும்போது எதிரே யாரும் நிற்பதில்லை. ஆகவே விடச் சொன்னதை விடாமல் எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து இங்கே வந்த முதல் ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போல லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பணக்கார வீடுகளில் தரை துடைத்தேன், ஒரு கிழவரைக் குளிப்பாட்டினேன், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக விடிய எழும்பி வரிசையில் நின்றேன். பிறகு, தொண்ணூறாம் ஆண்டுக்குச் சற்று முன்பின்னாக, ஒரு விளையாட்டு மண்டபத்தில் காவலும் துப்புரவுமாக வேலை கிடைத்தது. பலெஸ்த்ரா என்பார்கள். திறப்பது, கூட்டுவது, சாமான்களை எடுத்துக் கொடுப்பது, பூட்டுவது. கதைக்கத் தேவையில்லாத வேலை. எனக்குப் பிடித்தது.

அந்த மண்டபத்தில் வாரம் மூன்று பின்னேரம் சிஞ்ஞோரா நுன்சியா தன் பெண்களோடு வருவார். ஐம்பதைத் தாண்டியவர், இளமையில் ஜிம்னாஸ்டிக் செய்தவர், ஒரு முழங்கால் மடங்காது. கத்துவதே இல்லை. பிழை விட்டவரின் முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். அரை மணித்தியாலமானாலும் நிற்பார். அவர் பேசியதெல்லாம் இத்தாலியன். நான் அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் கிடக்கிறது.

அவர் பழக்கியது சியர்லீடிங். நம்மவர்களில் பலர் அதை நடனம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் ஓர் அமெரிக்கக் கால்பந்துக் குழு இருந்தது. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் கொண்டு ஓடுகிறார்கள். இந்தப் பெண்கள் அந்தக் குழுவுக்காக எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, கையில் நார்ப்பந்துகளை ஆட்டி, சனத்தைச் சேர்ந்து கத்த வைப்பார்கள். கத்துவதிலும் கணக்கு உண்டு. தங்கள் ஆட்கள் தோற்கும்போது எதைச் சொல்வது, மற்ற அணிக்காரன் அடிபட்டுக் கிடக்கும்போது வாயை மூடுவது, எல்லாம் பழக வேண்டும். ஒருநாள் நுன்சியா இதன் கதையைச் சொன்னார்.

"இதைத் தொடங்கினது ஆம்பிளையள், பெப்பே." சூசை என்பது இத்தாலியனில் ஜுசெப்பே. அதைச் சுருக்கி அவர் என்னைப் பெப்பே ஆக்கியிருந்தார். "அமெரிக்காவிலை, கல்லூரி மைதானத்திலை, ஊதுகுழல் மாதிரி ஒண்டை வாயிலை வைச்சுக் கத்தின பெடியள். பொம்பிளையளைக் கிட்டவும் விடேல்லை. பிறகு உலகச் சண்டை வந்து பெடியள் பட்டாளத்துக்குப் போயிட்டாங்கள். பெட்டையள் வந்தாளவை. அவளவைதான் கரணம் போட்டாளவை, ஆளுக்கு மேலை ஆள் ஏறினாளவை. இப்ப விளையாட்டே இல்லாமல் இதுக்கெண்டு தனிப் போட்டி நடக்குது. இஞ்சை ஆம்பிளையளைக் கூப்பிட்டால் இது பொம்பிளை வேலையெண்டு சிரிக்கிறாங்கள்."

அவருக்கு ஆம்பிளை தேவைப்பட்டதும் அந்த ஏறுகிற விஷயத்துக்குத்தான். ஒருத்தி மேலே நிற்பாள். இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று அவளுடைய பாதங்களை ஆளுக்கொன்றாகத் தோள் உயரத்தில் ஏந்துவார்கள். பின்னால் ஒருவர் நிற்க வேண்டும், உயரமும் பலமும் உள்ளவராக. கால்பந்துக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவன் மேலே நிற்பவளைச் சிரிக்க வைத்தான். மற்றவன் அவள் ஆடியதும் தன் தலையைக் காத்துக்கொண்டு விலகி ஓடினான். இருவரையும் நுன்சியா அன்றே அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் நானும் இன்னொருவரும் ஒரு கனத்த மரப்பெட்டியைப் படியால் இறக்கிக்கொண்டிருந்தோம். நான் கீழ்ப்பக்கம். நுன்சியா படியடியில் நின்று முழுவதையும் பார்த்தார்.

"பெட்டி ஒரு பக்கமும் சரியேல்லை. எங்கை பழகினீர்?"

"மாதா கூடு தூக்கி, சிஞ்ஞோரா."

எங்கள் ஊரிலும் சரி, இங்கே பங்கிலும் சரி, திருநாளில் மாதாவின் சுரூபக் கூட்டை முன் இடப்பக்கம் தாங்கியவன் நான். தோள் உயரம் பார்த்து ஆள் சேர்ப்பதும், பாரம் சரிந்தால் விலகாமல் அதற்குள்ளேயே போய் நிற்பதும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வந்தவை. இதை நான் அவருக்கு விளக்கவில்லை. விளக்க எனக்கு மொழி போதாது. அவர் கேட்கவும் இல்லை. "நாளைக்குச் சப்பாத்தோடை வாரும், இந்த நீல வேலைச்சட்டையைக் கழுவிப் போட்டுக்கொண்டு" என்றார்.

அந்த வேலையை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

முதலில் மெத்தை. வினாகிரி கலந்த தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, விளிம்போடு விளிம்பு நெருக்கிப் போட வேண்டும். பிறகு வெறுங்காலோடு எல்லாப் பொருத்துகளின் மேலும் நடந்து பார்க்க வேண்டும். பெருவிரல் உள்ளே போகிற இடத்தில் கணுக்கால் முறியும். அடுத்து ஆட்கள். மோதிரம், சங்கிலி, தோடு எல்லாம் ஒரு தகர டப்பாவுக்குள். நகம் வெட்டியிருக்க வேண்டும். சுயிங்கம் இருந்தால் வெளியே. தூக்கும்போது பின்னால் நிற்பவர் கணுக்காலுக்குக் கை கொடுப்பார். மேலே போனதும் கையை எடுப்பார், ஆனால் இறக்கமாட்டார். விழுந்தால் கையை ஏந்திக்கொண்டு காத்திருக்கக் கூடாது. எட்டி, உயரத்திலேயே பிடித்து, தன் உடம்போடு சேர்த்து வேகத்தைக் குறைத்து இறக்க வேண்டும். முதலில் தலையும் கழுத்தும், மற்றதெல்லாம் பிறகு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம். நுன்சியா அதை முதல் நாளே சொன்னார்.

"அவளின்ரை இடுப்பைப் பாரும். முகம் பொய் சொல்லும், சிரிச்சுக்கொண்டே விழுவாள். இடுப்பு பொய் சொல்லாது. அது போற பக்கம்தான் ஆள் போகும். அவள் ஏறினதிலையிருந்து நிலத்திலை கால் வைக்கிற மட்டும் கண்ணை எடுக்கப்படாது."

"ஓம், சிஞ்ஞோரா" என்றேன்.

அந்த ஓம் பொய். அதை நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மேலே ஏறுகிறவள் மரியெல்லா. இருபத்திரண்டு வயது. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் தகப்பனுடைய பாணுக்கடையில் மா பிசைகிறவள். பழக்கத்தின்போது எல்லோரும் நீளக் காற்சட்டை போட்டிருந்ததால் எனக்குச் சிக்கல் இருக்கவில்லை. ஓரளவுக்குப் பார்த்தேன். முதல் வெளி நிகழ்ச்சி பக்கத்து ஊரான பகேரியாவில், ஆட்ட இடைவேளையில். அன்று பாவாடை உடுப்பு. உள்ளே காற்சட்டை உண்டு, அது அந்தத் தொழிலின் உடுப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கூட்டம் சுற்றி நிற்க, ஒரு கலியாணம் கட்டாத பெண் தலைக்கு மேலே நிற்க, நான் எங்கே பார்ப்பது? எங்களை வளர்த்த விதம் ஒன்று இருக்கிறதே. ஒழுக்கமான ஆம்பிளை கண்ணைத் தாழ்த்த வேண்டும். நான் தாழ்த்தினேன். மரியாதை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அவளுடைய இடுப்பு எந்தப் பக்கம் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சனம் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவள் பாதி தூரம் வந்துவிட்டாள். என் கைக்கு அகப்பட்டது சட்டை மட்டும். அவள் வலக்கையை ஊன்றி விழுந்தாள். காய்ந்த தடி முறிவது போல ஒரு சத்தம் வந்தது.

ஆஸ்பத்திரி நடையில் நுன்சியா என் முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கை பார்த்துக்கொண்டு நிண்டனீர்?"

ஆட்கள் போய் வந்தார்கள். அவர் நின்றார். மடங்காத முழங்காலோடு நின்றார்.

"நிலத்தை" என்றேன்.

"ஏன்?"

"வெக்கம்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வேலையை விட்டுப் போயிருப்பேன். அவர், "இதைப் பாணுக்கடையிலை போய் நீர்தான் சொல்லவேணும், நான் சொல்லமாட்டன்" என்று மட்டும் சொன்னார்.

போனேன். மரியெல்லாவின் தகப்பன் மாவெல்லாம் படிந்த கையோடு வெளியே வந்தார். நான் தெரிந்த இத்தாலியனில் சொல்லி முடித்தேன்.

"நிலத்திலை என்ன இருந்தது?" என்று கேட்டார்.

"புல்லு."

"என்ரை மோள் ஆகாயத்திலை நிக்கிறாள், நீ புல்லுப் பாத்தனி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். கதவுச் சீலைக்குப் பின்னால், கழுத்தில் கட்டிய கையோடு மரியெல்லா உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பெப்பே, இஞ்சை வாங்கோ. ஆர் உங்களுக்குச் சொன்னது, என்னைப் பாக்கிறது எனக்கு அவமானமெண்டு? நான் சொன்னனானோ?"

"இல்லை."

"மேலை நிக்கேக்கை எனக்குப் பின்னுக்கு ஒண்டும் தெரியாது. ஆரோ பாக்கினம் எண்டு நம்பித்தான் காலை நிமித்திறன். நீங்கள் உங்கடை நல்ல பேரைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறியள்."

அந்தப் பிள்ளையால் அன்று மா பிசைய முடியாது. ஒற்றைக் கையால் எள்ளுத் தூவிக்கொண்டிருந்தாள். எள்ளுச் சிதறிக் கிடந்தது. அதைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவளுடைய கை சுண்ணாம்புக் கட்டுக்குள் இருந்த வாரங்களில் நுன்சியா என்னைத் திரும்பப் பழக்கினார். தானே ஒரு பெட்டியின் மேல் ஏறி நிற்பார், அந்த முழங்காலோடு. நான் பின்னால் நின்று, இடுப்பு அசைவதை உரத்துச் சொல்ல வேண்டும். "இடது. இடது. நேர். பின்னுக்கு." ஒரு அசைவு விட்டால் இறங்கித் திரும்ப ஏறுவார். வேண்டுமென்றே சாய்வார். உரத்துச் சொல்வது எனக்குப் பார்ப்பதைவிடக் கஷ்டம். மூன்றாம் கிழமைதான் என் குரல் மண்டபத்தின் மறுசுவரில் பட்டுத் திரும்பியது. பார்த்துக்கொண்டே இருந்தால் ஆள் மறைந்துவிடுவார், பெண் என்பதும் மறைந்துவிடும், பாரமும் அது போகிற திசையும் மட்டும் மிஞ்சும். கூடு தூக்கியவர்களுக்கு இது விளங்க வேண்டும்.

மரியெல்லா திரும்பி வந்த அன்று, அவள் பயப்படுவாள் என்று நுன்சியா வேறொருவரைப் பின்னால் நிறுத்தப் பார்த்தார்.

"பெப்பே நிக்காட்டி நான் ஏறமாட்டன்."

"உன்னை விழ விட்டவர்."

"அதுதான். இனி விடார்."

ஏறினாள். நான் அண்ணாந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் நான் நின்ற காலம் முழுவதும் என் கண் நிலத்துக்குப் போகவில்லை.

இனிப் படம். ஒரு ஞாயிறு, நகரத்துச் சதுக்கத்தில் நிகழ்ச்சி செய்தோம். பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். அடியில் இரண்டு பெண்கள், மேலே மரியெல்லா இரண்டு கையையும் விரித்தபடி, மூவரும் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பின்னால் நீலச் சட்டையோடு ஒரு கறுத்த மனிதன், கையை உயர்த்தி, வாய் சற்றுத் திறந்து, நேராக மேலே பார்க்கிறான். அது நான்.

செபமாலை மாஸ்டர் ஊரில் பள்ளிக்கூடம் படிப்பித்தவர். இங்கே லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் சமையல், பங்கில் திருநாள் வேலைக்குப் பொறுப்பு. கார்ச்சோபி என்கிற பச்சை மொட்டுக்காயைத் துப்புரவு செய்யப் பழைய பேப்பரை விரித்தபோது அவர் கண்ணில் அந்தப் படம் பட்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் பின்னறையில் திருநாள் கூட்டம். ஏழு ஆம்பிளைகள். பேப்பர் மேசைமேல் கிடந்தது, பச்சைக் கறையோடு.

"சூசை, அங்கை மேலை என்ன, கொக்கோ பறந்தது?" என்று ஒருவர் தொடங்கினார்.

"கழுத்துச் சுளுக்கேல்லையோ அண்ணை?"

சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சூசை, நான் உம்மை மதிக்கிற ஆள். ஆனா வயசு வந்த பிள்ளையள் இருக்கிற பங்கு இது. இந்தக் கண்ணோடை வந்து மாதாவின்ரை கூட்டுக்குத் தோள் குடுக்கேலாது. அந்த வேலையை விடும், இல்லாட்டிக் கூட்டை விடும்."

வழக்கம்போல எழும்பிப் போயிருப்பேன். ஆனால் மூன்று கிழமை மண்டபச் சுவரில் படக் கத்திப் பழகிய குரல் எங்கிருந்தோ வந்தது.

"மாஸ்டர், நான் ஒருக்கா நீங்கள் சொல்ற மாதிரி நிலத்தைப் பாத்தனான். ஒரு பிள்ளையின்ரை கை முறிஞ்சுது. இனி எந்த நேரம் கண்ணை மூடவேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ. அவள் ஏறேக்கையோ, நிக்கேக்கையோ, விழேக்கையோ?"

கொக்குக் கேட்டவர் பேப்பரை மடித்தார்.

"அது எனக்குத் தேவையில்லாத விசயம்" என்றார் மாஸ்டர்.

"எனக்குத் தேவையான விசயம். கூட்டுக்கு வேறை ஆளைப் பாருங்கோ."

அந்தப் பேப்பரை நான் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி திரேசா இரண்டு நாள் எனக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். தேவாலயத்தில் பெண்கள் அவளுக்கு என்ன சொன்னார்களோ தெரியாது. மூன்றாம் நாள் வேலை முடிந்து நேரே மண்டபத்துக்கு வந்தாள். வாங்குப் பலகையில் கைப்பையை மடியில் வைத்து, பயிற்சி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். மரியெல்லா அன்று இரண்டு முறை சறுக்கினாள், இரண்டு முறையும் பிடித்தேன். பஸ் தரிப்பில்தான் திரேசா வாய் திறந்தாள்.

"நீங்கள் பாக்காட்டி அந்தப் பிள்ளை செத்துப்போவாள்."

"ஓம்."

"அப்ப பாருங்கோ. ஆரும் கேட்டால் என்னட்டை அனுப்புங்கோ."

திருநாளன்று கூடு என் தோள் இல்லாமல் புறப்பட்டது. பத்து அடி பின்னால் நான் நடந்தேன். பழக்கத்தில் என் கைகள் கொஞ்சம் உயர்ந்திருந்தன, கண் சுரூபத்தின் முடியில் இருந்தது. கோயில் படியில் கூடு இடப்பக்கம் சரிந்தது, பிறகு நேரானது. அன்று சுரூபம் விழவில்லை. விழுந்து நான் பிடித்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும், மாஸ்டரும் அழுதிருப்பார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாதா பத்திரமாகப் போய் வந்தா. நான் வீட்டுக்குப் போனேன். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் வேலையை விட்ட காரணத்தைப் பற்றிப் பலவிதமாகக் கதைக்கிறார்கள். நடந்தது இதுதான். வேறொரு நகரத்தில் போட்டி. மரியெல்லா மேலே ஒற்றைக் காலில் நின்றாள். முகம் சிரித்தது. இடுப்பு பின்னுக்கு வந்தது. நான் ஒரு அடி உள்ளே போய் எட்டி உயரத்திலேயே பிடித்தேன். அவள் தலை என் நெஞ்சில் பட்டு நின்றது. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. என் இடத்தோளில் ஏதோ கழன்றது. கூடு தாங்கிய அதே தோள். வைத்தியர்கள் இரண்டு முறை பார்த்தார்கள். இனித் தலைக்கு மேலே கை உயராது என்றார்கள். கை உயராதவன் பின்னால் நிற்கக் கூடாது. அது என் சட்டம், நானே விலகினேன். நுன்சியா என் முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்கை பார்த்துக்கொண்டு நிண்டனீர்?" என்று கேட்டார்.

"மேலை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த மனுசியிடமிருந்து எனக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான்.

இப்போது மரியெல்லா பாணுக்கடையை நடத்துகிறாள். சனிக்கிழமைகளில் புதிய பெண்களைப் பழக்குகிறாள். பின்னால் நிற்பவர்களுக்கு முதல் நாள் அவள் சொல்வது புல்லுக் கதை. என் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறாள், நான் தடுக்கவில்லை.

ஜெனிற்றா, கட்டுரையோடு போட என்னுடைய சின்னப் படம் ஒன்று கேட்டாய். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், கார்ச்சோபிக் கறையோடு. மாஸ்டர் இதில் என் முகத்தை மட்டும் வெட்டிப் போடச் சொல்வார். வெட்டாதே, பிள்ளை. வெட்டினால் வாயைத் திறந்து எதையோ பார்க்கிற ஒரு மனிதன் மட்டும் மிஞ்சுவான், ஆட்கள் தங்களுக்குப் பிடித்ததை நினைப்பார்கள். முழுதாகப் போடு. நான் எதைப் பார்க்கிறேன் என்று எல்லோரும் பார்க்கட்டும். அவள் விழாமல் நிற்கிறாள்.